எஷிம் பிள்ளை பார்க்கப் போன கதை

கடுங்குளிர் மாதங்களில் காரா-ஜார் ஊரின் செம்மறிகளில் பாதி எஷிமின் பட்டியில்தான் இருக்கும். எஷிமிடம் விட்ட ஆடு நொண்டிக்கொண்டு வராது என்று ஊரில் சொல்வார்கள். அதே வாயால் அவரை "ஏசுக்காரன்" என்றும் சொல்வார்கள். இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு, தாடியைத் தடவிக்கொண்டு அவர் தன் வழியில் போய்விடுவார்.

அவருடைய அப்பாவும் மேய்ப்பர், தாத்தாவும் மேய்ப்பர். கூட்டுப் பண்ணை இருந்தபோது அரசாங்க ஆட்டை மேய்த்தார்கள். பண்ணை கலைந்தபின் ஊரார் ஆட்டை மேய்த்தார்கள். மலையும் அதே மலை, ஓநாயும் அதே ஓநாய். ஆனால் பண்ணை கலைந்த அந்த வருஷங்களில் எஷிம் குடிக்கப் பழகிவிட்டார். அவர் மனைவி பூருல் அப்போதுதான் சைரா வீட்டு ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தாள். சைரா பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறவள், குரல் பெரிது, மனசும் பெரிது. முஸ்லிம்கள் வாழும் அந்த ஊரில் இயேசுவை நம்பின ஏழெட்டுக் குடும்பங்கள் அவள் வீட்டில்தான் கூடும்.

ஒரு குளிர்காலத்தில் மனைவியை இழுத்துக்கொண்டு வருவதற்காகவே எஷிம் அங்கே போனார். பாதி போதை. கதவைத் திறந்தால் வேன் ஓட்டுகிற எர்னிஸ் வேதப் புத்தகத்தை வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். வயல்வெளியில் ராத்திரியெல்லாம் மந்தையைக் காவல் காத்த மேய்ப்பர்களைப் பற்றிய இடம். எஷிம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரைப் பத்திடா படிக்கிற?" என்றார்.

"உங்களை மாதிரி ஆளுங்களைப் பத்தித்தான்ணே. உக்காருங்க."

"எங்களைப் பத்தி யாரு எழுதுவா?"

"கடவுள் எழுதி வச்சிருக்காரு. கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க, குளிருது."

எஷிம் செருப்பும் பூட்சும் குவிந்து கிடந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள் என்பது அவருக்கு அதிசயமாகப் படவில்லை. பனிக்காலத்தில் பிறக்கிற குட்டியும் மனுஷப் பிள்ளையும் ஒரே அடுப்புப் பக்கத்தில் படுத்து வளர்கிற வீடு அவருடையது. அதிசயப்பட்டதெல்லாம் ஒன்றுக்குத்தான். ஊரில் கல்யாணமானாலும் சாவானாலும் மலைமேல் இருக்கிற மேய்ப்பனுக்குச் சேதி கடைசியாகத்தான் வரும். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவினபிறகுதான் வரும். இந்தச் சேதி மட்டும் மேய்ப்பனுக்கு முதலில் போயிருக்கிறது! ராஜா வீட்டுக்குப் போகவில்லை, முல்லா வீட்டுக்குப் போகவில்லை, ஆட்டுப் புழுக்கை நாற்றமடிக்கிற ஆளைத் தேடிப் போயிருக்கிறது. அதையே நினைத்துக்கொண்டு கூட்டம் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு மனைவியை இழுக்க வந்தவரை மனைவி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். குடியை விட இன்னும் ஒரு வருஷம் பிடித்தது என்றாலும், விட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் போன வருஷம் ஒரு வருத்தம் வந்தது.

அவருடைய ஒரே மகள் குல்பாராவை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் சோவெத்பெக் மகன் திலேக்குக்குக் கொடுத்திருந்தார். சோவெத்பெக் வசதியானவர், கடை வைத்திருப்பவர், நாக்கு நீளம். அந்த வசந்தத்தில் ஆடுகள் குட்டி போடுகிற நேரம் பார்த்துப் பெரும்பனி கொட்டி, எஷிமின் சொந்த ஆடுகள் பாதிக்குமேல் விறைத்துச் செத்தன. ஊரார் ஆடுகளைத்தான் அவர் முதலில் கொட்டகைக்குள் அடைத்தார், அதனால் போனதெல்லாம் அவருடையது. கொஞ்ச நாள் கழித்துச் சந்தையில் சோவெத்பெக் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்ன சம்பந்தி, உங்க ஏசு குளிருக்குப் பயந்து மலைக்கு வரலையாமே?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எஷிமும் கூடவே சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்தபிறகுதான் வலித்தது.

அறுப்பு முடிந்த சமயம் குல்பாராவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. திலேக்கின் தம்பி குதிரையை விரட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று நல்ல சேதி, நல்ல சேதி என்று கத்தினான். நல்ல சேதி கொண்டுவந்தவனை வெறுமனே அனுப்பக்கூடாது. எஷிம் தன் அப்பா வைத்திருந்த வெள்ளிப்பூண் சாட்டையையே எடுத்துக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது சந்தோஷம்தான். பிள்ளையைப் பார்க்கப் போவதில்தான் சிக்கல்.

பிறந்த பிள்ளையின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர் கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும். அதற்குக் கோரும்துக் என்று பெயர். அக்கம்பக்கத்தார் என்றால் ஒரு துண்டுத் துணி போதும். தாயைப் பெற்ற அப்பன் என்றால் தொட்டிலும் வேண்டும், குதிரைக்குட்டியும் வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். எஷிமிடம் ஒரு சினைக்குதிரை இருந்தது. அது வசந்தத்தில் குட்டி போடும். அந்தக் குட்டியை ஓட்டிக்கொண்டு சோவெத்பெக் வாசலில் போய் நிற்க வேண்டும், அதுவரைக்கும் போவதில்லை என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார்.

"ஏங்க, போய்ப் பாத்துட்டு வந்துருவோமே" என்று பூருல் சொல்லிப் பார்த்தாள்.

"குதிரை குட்டி போடட்டும்."

"அதுக்குள்ள உங்க பேரன் வளந்து, தானே குதிரை ஏறி நம்மளைப் பாக்க வந்துருவான்."

"வரட்டுமே. வந்தா டீ கொடு."

"ரெண்டு குட்டி ஆடாவது ஓட்டிட்டுப் போவோம்."

"அந்த மனுஷன் முன்னாடி ரெண்டு எலும்புக் குட்டியை ஓட்டிட்டுப் போய் நிக்கச் சொல்றியா? ஏசுக்காரன் கொண்டு வந்த லட்சணத்தைப் பாருன்னு கடைக்கு வர்றவன்கிட்ட எல்லாம் சொல்லுவாரு. என்னைச் சொன்னாப் பரவாயில்ல. ஏசுவையும் சேத்துல்ல சொல்லுவாரு."

பூருல் கம்பளி நூலை எடுத்துச் சின்னச் சின்னக் காலுறையாகப் பின்னுவாள். முடித்ததும், பிள்ளை இதற்குள் இன்னும் வளர்ந்திருக்கும் என்று பிரித்துவிட்டு, கொஞ்சம் பெரிதாக மறுபடி பின்னுவாள். எஷிம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல எழுந்து பட்டிக்குப் போய்விடுவார். ராத்திரி ஜெபத்தில் எல்லார் பேரையும் சொல்வார். சம்பந்தி பேர் வருகிற இடத்தில் மட்டும் இருமல் வரும்.

இப்படியே பனி முழங்கால் அளவுக்கு ஏறி, கிறிஸ்துமஸ் நெருங்கியது. அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் விடுமுறை ஜனவரி ஏழாம் தேதிதான் என்பதால் சைரா வீட்டுச் சபையார் அன்றைக்குத்தான் கொண்டாடுவார்கள். அந்த வருஷம் கதையை நடித்துக் காட்டலாம் என்று சைராவுக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது.

"மேய்ப்பருக்கு ஆள் தேட வேண்டாம்" என்றாள். "எஷிம் அண்ணன் இருக்காரு. வேஷமே வேண்டாம், அப்படியே வந்தாப் போதும்."

"மேலங்கியைத் தட்டிட்டு வரச் சொல்லு, புழுக்கை உதிரும்" என்றான் எர்னிஸ். அவன் கிழக்கிலிருந்து வருகிற மூன்று ஞானிகளில் ஒருவன். அவன் மனைவி நாஸ்குல் மரியாள்.

ஒத்திகைக்காக எர்னிஸ் அந்தப் பகுதியை மறுபடி வாசித்தான். தூதன் சொன்னதைக் கேட்டு மேய்ப்பர்கள் பெத்லகேமுக்கு விரைந்து போனார்கள் என்று வந்ததும் எஷிம் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம். ஆட்டை யாருகிட்ட விட்டுட்டுப் போனாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. ராத்திரி நேரம். வெட்டவெளி. எல்லாரும் போயிட்டா ஓநாய்க்குக் கொண்டாட்டம்ல?"

"அதெல்லாம் எழுதலண்ணே."

"சரி, அதை விடு. கோரும்துக் என்ன கொண்டு போனாங்க?"

எர்னிஸ் புத்தகத்தைப் பார்த்தான். விரலை வைத்து வரிவரியாகப் போனான். பக்கத்தைத் திருப்பி, திரும்பவும் வந்தான். "ஞானிகள் கொண்டு வந்தது இருக்கு. பொன்னு, தூபம், வெள்ளைப்போளம். மேய்ப்பருங்க கொண்டு வந்ததா ஒண்ணும் இல்ல."

"இல்லாம இருக்காது. நல்லாப் பாரு."

"பாத்துட்டேண்ணே. வந்தாங்க, பாத்தாங்க, எல்லாருக்கும் சொன்னாங்க, கடவுளைப் புகழ்ந்துக்கிட்டே திரும்பிப் போனாங்க. அவ்வளவுதான்."

"ஆடு மேய்க்கிறவன் பிள்ளை பாக்க வெறுங்கையோட போனானா? ஒரு குட்டியாவது தோள்ல போட்டுக்கிட்டுத்தான் போயிருப்பான். எழுதினவரு மறந்திருப்பாரு."

"வேதத்தையே திருத்துறாரு பாருங்க!" என்றாள் சைரா. "அண்ணே, எழுதினபடியே நடிங்க. குட்டி கிட்டின்னு எதையாவது ஓட்டிட்டு வந்து என் கம்பளத்துல விட்டீங்கன்னா, நீங்களே உக்காந்து துவைக்கணும்."

எஷிம் சரி என்று தலையாட்டினார், ஆனால் மனசு ஆறவில்லை. பட்டிக்குத் திரும்பி வைக்கோல் போடும்போதும், ஆற்றுப் பனிக்கட்டியை உடைத்து ஆட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அதே யோசனை. அந்த மேய்ப்பர்களுக்காக அவருக்கு வெட்கமாக இருந்தது, தன் சொந்த அண்ணன் தம்பி சபையில் தப்புச் செய்துவிட்டதுபோல.

கொண்டாட்டத்தன்று மதியம் சைரா வீடு நிரம்பி வழிந்தது. சபையார் மட்டுமல்ல, வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்தாரும் வந்திருந்தார்கள். அடுப்பு மூலையில் வைக்கோல் பரப்பி, எஷிம் வீட்டுத் தீவனத் தொட்டியையே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பொரித்த மாவுருண்டையும் பாலூற்றிய டீயும் மணத்தன. சைரா வாசிக்க ஆரம்பித்தாள். நீல முக்காடு போட்ட நாஸ்குல் தொட்டியருகே உட்கார்ந்திருந்தாள்.

மேய்ப்பர்கள் நுழைகிற கட்டம் வந்தது. எஷிம் ஆட்டுத்தோல் மேலங்கியும் ரோமத் தொப்பியுமாகக் கோலை ஊன்றி முன்னால் வந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒத்திகையில் தொட்டிக்குள் பொம்மையைத்தான் வைத்திருந்தார்கள். அதை நினைத்துக்கொண்டே அவர் வந்தார். தொட்டியருகே வந்தபோது உள்ளே துணிச்சுருள் அசைந்தது, ஒரு குட்டிக் கை வெளியே வந்தது.

அது பொம்மையில்லை. எர்னிஸுக்கும் நாஸ்குலுக்கும் பிறந்த கைக்குழந்தை. ஒத்திகைக்கு நாஸ்குல் அதைத் தூக்கி வரவில்லை, எஷிம் பட்டியே கதியென்று கிடப்பவர் என்பதால் இன்னும் பார்த்ததில்லை.

அவர் சட்டென்று ரோமத் தொப்பியைக் கண்ணை மறைக்க இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பினார். ஒரு கையால் மேலங்கிப் பையைத் துழாவினார். ஒரு துண்டுக் கயிறு, ஆட்டுக்கு நக்கக் கொடுக்கும் உப்புக் கட்டி. வேறொன்றும் இல்லை. பின்னால் நின்ற மேய்ப்பர்கள் அவர்மேல் இடித்துக்கொண்டார்கள். கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது.

"போங்கண்ணே, முன்னாடி போங்க" என்று முதுகில் தள்ளினார் ஒருவர்.

"எப்படிப் போறது? கையில ஒண்ணுமில்லையே. முதல் தடவை பாக்குறேன்."

"நாடகம்ணே!"

"நாடகமானா என்ன, பிள்ளை நிசமால்ல இருக்கு!"

சிரிப்பு பெரிதானது. சைரா புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டாள். நாஸ்குல் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையை நீட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"எஷிம் மாமா, தொப்பியைத் தூக்குங்க. அவங்களும் இப்படித்தானே வந்தாங்க? நீங்கதான் எங்களைக் கேட்டுக் கேட்டுத் துளைச்சீங்க. ஒண்ணும் கொண்டு வராமத்தான் வந்தாங்க. சும்மா பாருங்க."

எஷிம் தொப்பியைத் தூக்கினார். பார்த்தார்.

சிவந்த முகம், மூடியும் மூடாத கண், எதையோ சப்புகிற வாய். அவர் வாழ்நாள் முழுதும் பார்த்த பிஞ்சு உயிர்களைப் போலத்தான். பிறந்த குட்டியின் மூக்கைத் துடைத்து ஊதி மூச்சு வரவைத்த கை அவருடையது. இவ்வளவு சின்னதாகவா ஆண்டவர் வந்தார்? இப்படியா கையை முடக்கிக்கொண்டு, தனக்குத்தானே போர்த்திக்கொள்ளத் தெரியாமல்? வானத்தைப் போர்வையாக விரித்தவருக்கு ஒருவர் துணி சுற்றிவிட வேண்டியிருந்ததே! எஷிம் மண்டியிட்டு, வைக்கோலில் நெற்றி படக் குனிந்தார். பேச வேண்டிய வசனம் போன இடம் தெரியவில்லை. அந்த மேய்ப்பர்கள் ஏன் ஒன்றும் கொண்டு போகவில்லை என்பது அவருக்கு அப்போது விளங்கியது. எழுதினவர் மறக்கவில்லை. தேடி எடுத்துக்கொண்டு போக அவர்களுக்குத்தான் பொறுமை இல்லை. வா, வந்து பார் என்றுதான் அவர்களுக்குச் சேதி வந்தது. கொண்டு வா என்று யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கொடுக்கிறவர் தன்னையே கொடுத்துவிட்டுத் தொட்டியில் கிடக்கிறார். அவர் முன்னால் கையில் குதிரை இருந்தால் என்ன, உப்புக்கட்டி இருந்தால் என்ன.

"ஆண்டவரே" என்றார். அதற்குமேல் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கூடத் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தார்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாரோ, வெளியிலிருந்து எர்னிஸின் குரல் வந்தது. "அண்ணே! மூணு ஞானியும் வாசல்ல விறைச்சுக்கிட்டிருக்கோம்! எந்திரிச்சு வழி விடுங்க!"

நாடகம் முடிந்து எல்லாரும் டீக்கு உட்கார்ந்தபோது எஷிம் உட்காரவில்லை.

"எர்னிஸ், வேன்ல எண்ணெய் இருக்கா?"

"இருக்கு. எங்கண்ணே?"

"சம்பந்தி வீட்டுக்கு. பேரனைப் பாக்க."

பூருல் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இப்பவா? ஏங்க, ஆடு? ஆட்டை யாரு பாக்குறது?"

ஒத்திகையில் அதே கேள்வியை எல்லாரையும் கேட்டவர் எஷிம்தான். வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. "போங்கண்ணே போங்க, எங்க வீட்டுக்காரரை அனுப்பறேன்" என்றாள் சைரா. "ரெண்டு உருண்டை கட்டித் தரட்டா?"

"வேண்டாம். ஒண்ணும் எடுக்காதீங்க. இப்படியே போறேன்."

பூருல் அப்படியெல்லாம் கேட்கிறவள் இல்லை. நாலு மாவுருண்டையைக் கைக்குட்டையில் முடிந்து மடிக்குள் செருகிக்கொண்டாள். பின்னி முடித்த காலுறை எப்போதும் அவள் பையிலேயே இருந்தது.

ஆற்றுப் பாலம் தாண்டுகிறவரைக்கும் எஷிம் தைரியமாகத்தான் இருந்தார். சோவெத்பெக் வீட்டுப் பச்சைக் கதவு தெரிந்ததும் வேனைத் திருப்பச் சொல்லலாமா என்று தோன்றியது. வேன் சத்தம் கேட்டு சோவெத்பெக்கே வெளியே வந்தார். முதலில் எர்னிஸைத்தான் பார்த்தார்.

"இது யாரு, தலையில தகரத்தை மாட்டிக்கிட்டு?"

எர்னிஸ் கிரீடத்தைக் கழற்ற மறந்திருந்தான். அவசரமாகக் கழற்றினான். பின்னால் எஷிம் இறங்கினார். அவர் காது இரண்டும் எரிந்தன.

"சம்பந்தி, சொல்லிடுறேன். குதிரை இல்ல. தொட்டில் இல்ல. கையில ஒண்ணுமே இல்ல. பேரனைப் பாக்க வந்தோம்."

சோவெத்பெக் வீட்டுப் பக்கம் திரும்பி, மனைவியைத் தெருவே கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"ரைகான்! கத்திரிக்கோலை எடு! வந்துட்டாங்க!"

எஷிம் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"பயப்படாதீங்க" என்றார் சோவெத்பெக், குரல் கொஞ்சம் இறங்கி. "உங்க பேரன் தலை கிடாய்த் தலையாட்டம் ஆயிருச்சு. வயித்துலேர்ந்து கொண்டு வந்த முடியைத் தாய்வழி ஆளு வந்து எடுக்கணும். வேற யாரையும் கத்தரிக்க விடமாட்டேன்னு ரைகான் பிடிவாதம். நாங்களும் பாதையைப் பாத்துக்கிட்டே இருக்கோம். வரல, வரல. சந்தையில நான் வாய்க்கொழுப்புல பேசினதுக்குத்தான் வரலன்னு தினம் என்னைத் திட்டுறா."

"அது வந்து சம்பந்தி..."

"உள்ள வாங்க. வெளிய நின்னு மன்னிப்புக் கேக்க எனக்கும் குளிருது."

குல்பாரா மாவுக் கையோடு ஓடி வந்தாள். பூருல் யாருக்கும் வழிவிடாமல் முன்னால் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். காலுறையைப் போட்டுப் பார்த்தாள், கொஞ்சம் பெரிதாக இருந்தது. "ரொம்பத்தான் வளந்திருப்பான்னு நெனச்சுட்டேன்" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம்தான் எஷிமின் மடிக்குப் பிள்ளை வந்தது. காதை மூடித் தொங்கும் கறுப்பு முடி, தாடியைப் பிடித்து இழுக்கிற விரல். முகத்தை மறைத்துக்கொள்ள இந்தத் தடவை அவருக்கு நினைப்பே வரவில்லை.

"ஆட்டுக்குக் கத்தரிக்கிறாப்ல ஒரே இழுப்பா இழுத்துடாதீங்க அப்பா" என்றாள் குல்பாரா.

"ஆடு இவ்வளவு ஆடாதும்மா" என்றார் எஷிம்.

முடியை வெட்டி வெள்ளைத் துணியில் முடிந்தார்கள். அடுப்பில் கறி ஏறியது. எர்னிஸிடம் கிரீடத்தின் கதையைத் திலேக் கேட்க, கேட்டது கேட்காதது எல்லாம் வெளியே வந்தது. தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டதைச் சொன்னபோது சோவெத்பெக் தொடையைத் தட்டிச் சிரித்தார். மண்டியிட்டதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. டீக் கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் வழக்கப்படி யாராவது பெரியவர் கையேந்தி ஆசி சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அதை எப்போதும் சோவெத்பெக்தான் சொல்வார். அன்றைக்கு அவர் எஷிமைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நீங்க சொல்லுங்க சம்பந்தி. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே சொல்லுங்க."

எஷிம் தூங்கிவிட்ட பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இருந்த ஒரு கையை விரித்தார். எல்லாரும் கையேந்தினார்கள்.

"எங்களை மாதிரி ஆளுங்களுக்கு முதல்ல சேதி சொல்லி அனுப்பின ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். "பிள்ளையா வந்தீங்களே, உமக்கு ஸ்தோத்திரம். இந்த வீட்டை வாழ வையுங்க. இந்தப் பிள்ளையை வாழ வையுங்க. சோவெத்பெக்கை வாழ வையுங்க." இருமல் வரவில்லை. "உங்களைப் பாத்துட்டோம். அது போதும் எங்களுக்கு."

எல்லாரும் வழக்கப்படி கையால் முகத்தைத் தடவிக்கொண்டு, ஓமின் என்று ஆமென் சொன்னார்கள். எல்லாரிலும் உரத்துச் சொன்னது சோவெத்பெக்.